முயல் கையிலிருந்து தின்னும் நாள் வரை

மன்னவனூரில் மத்திய செம்மறியாடு, கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம் ஆட்டோடு முயலும் வளர்க்கிறது. வெள்ளை ஜெயன்ட், சோவியத் சின்சில்லா போன்ற கறி இனங்கள் கொடைக்கானல் மேல்மலைக்குப் புதிதல்ல. அதனால் ‘யாரோ விட்டுட்டுப் போன முயல்’ என்று உங்களிடம் வந்து சேருவது 4 கிலோ கனத்தில், ஆள் கை என்றால் காதைப் பிடித்துத் தூக்கும் கை என்று மட்டுமே தெரிந்த பண்ணை முயலாகவும் இருக்கலாம்.

முதலில் அது வீட்டு முயல்தானா என்று பாருங்கள். பிடரியில் கருந்திட்டு இருந்தால் காட்டுமுயல். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வளர்க்கக் கூடாது. புல்லில் தனியாகக் கிடக்கும் குட்டி, கண் திறந்து உடம்பெல்லாம் ரோமத்தோடு இருந்தால், தாய் கைவிட்ட குட்டி என்று அள்ளி வந்துவிடாதீர்கள். தாய் பொழுது சாய்ந்தபின்தான் பால் கொடுக்க வரும். அடிபட்டிருந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

மலைக் குளிரை முயல் தாங்கும், ஈரத்தைத் தாங்காது. ஐப்பசி, கார்த்திகை மழையில் கூண்டு வீட்டுக்குள், சுவரோரமாக, தரையிலிருந்து சற்று உயர்ந்து இருக்கட்டும். முயலின் பாதத்தில் நாய்க்கு இருப்பதுபோல் மெத்தை கிடையாது, ரோமம் மட்டும்தான். கம்பித் தரையில் நின்றால் குதிகால் புண்ணாகும். கோரைப்பாய் விரியுங்கள், கடித்தாலும் பரவாயில்லை. மர அறுவை மில்லில் சும்மா கிடைக்கிறதே என்று பைன் மரத்தூளைக் கொட்டாதீர்கள், அதன் நெடி ஈரலுக்கும் மூச்சுக்கும் ஆகாது. பழைய பேப்பர் மேல் காய்ந்த புல் போதும். அது சிறுநீர் கழிக்கும் மூலையைப் பார்த்து அங்கே ஒரு தட்டை வைத்தால் தானாகவே பழகிக்கொள்ளும்.

தீனியில் பெரும்பங்கு புல்தான். நாளொன்றுக்கு முயலின் உடம்பளவு குவியல் வேண்டும். இங்கே எங்கும் மண்டிக் கிடக்கும் கிக்கியூ புல்லை வெயில் காலத்தில் வெட்டி உலர்த்தி வைக்கலாம். பூசண வாடை வந்தால் குப்பைக்கு. பண்ணைத் தீவனம் சீக்கிரம் கறி வைப்பதற்கானது. அதை 7 முதல் 10 நாளுக்குள் படிப்படியாகக் குறைத்து, முயலின் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 25 கிராமில் நிறுத்துங்கள். கேரட் கட்டைவிரல் அளவு போதும், அதன் தழைதான் நல்ல தீனி. ஆனால் தோட்டக்காரரிடம் மருந்தடித்து எத்தனை நாளாயிற்று என்று கேட்காமல் வாங்க வேண்டாம். பட்டர் ஃப்ரூட், உருளைக்கிழங்குச் செடி, உண்ணிச்செடி, வேலியில் தொங்கும் ஊமத்தைப் பூ எல்லாம் விஷம்.

தினமும் காலையில் புழுக்கையைப் பாருங்கள். உருண்டையாக, சம அளவில், நிறைய இருந்தால் சரி. சிறுத்தோ ரோமத்தால் கோத்த மணிபோலவோ வந்தால் புல்லைக் கூட்டுங்கள். 12 மணி நேரம் தீனியும் தொடாமல் புழுக்கையும் போடாமல் இருந்தால் குடல் நின்றுவிட்டது என்று பொருள், அன்றைக்கே மருத்துவர் பார்க்க வேண்டும். பயமே இதற்கு ஒரு காரணம். ஆகவே பழக்குவதும் வைத்தியத்தில் சேர்த்திதான்.

முதல் மூன்று நாள் தொடவே வேண்டாம். ஓர் அட்டைப்பெட்டியில் இரண்டு பக்கமும் வாசல் வெட்டி உள்ளே வையுங்கள். ஒரே வாசல் என்றால் மாட்டிக்கொண்டதாகவே நினைக்கும். விடியலும் அந்தியும் அது நடமாடும் நேரம். அப்போது 15 நிமிடம் தரையில் பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்து பேப்பர் படியுங்கள். நேருக்கு நேர் குனிந்து உற்றுப் பார்ப்பது நரி செய்கிற வேலை. நாலாம் நாள் கொத்தமல்லித் தண்டு ஒன்றை உங்களுக்கு ஒரு முழம் தள்ளிப் போடுங்கள், மறுநாள் ஒரு சாண். கையிலிருந்து வாங்கித் தின்ற பிறகுதான் தொடுவது. சில முயலுக்கு ஒரு வாரம் ஆகும், சிலதுக்கு ஒரு மாதம்.

நாய்க்கு நீட்டுவதுபோல் மூக்குக்குக் கீழே கையை நீட்டுவதுதான் பலரும் செய்யும் தவறு. மூக்குக்கு நேர் எதிரிலும் தாடைக்கு அடியிலும் முயலுக்குக் கண் தெரியாது. திடீரென்று முளைத்த கையைக் கடிக்கத்தான் செய்யும். பக்கத்திலிருந்து கொண்டுவந்து, இரண்டு கண்ணுக்கும் நடுவே நெற்றியில் இரண்டு விரலால் மூன்று தடவு தடவி எடுத்துவிடுங்கள். பல்லை மெல்ல அரைத்தால் சுகம், உரக்க நறநறத்தால் வலி. காலை நீட்டிப் பொத்தென்று சாய்ந்தால் பதற வேண்டாம், நிம்மதியாக இருக்கிறது. மல்லாக்கப் போட்டதும் அசையாமல் கிடப்பதை ‘பழகிடுச்சு’ என்று வீடியோ எடுக்காதீர்கள், அது பயத்தில் உறைந்த முயல்.

தூக்கியே ஆக வேண்டுமென்றால் நீங்கள் தரையில் உட்கார்ந்துகொண்டு, ஒரு கையை நெஞ்சுக்கு அடியிலும் மறு கையைப் பின்புறத்திலும் கொடுத்து உடம்போடு அணையுங்கள். பின்கால் தொங்கி உதைத்தால் முதுகெலும்பே முறியலாம்.

இங்கே கால்நடை மருத்துவரிடம் மாடும் குதிரையும்தான் அதிகம் வரும். அதனால் நீங்களே நினைவுபடுத்துங்கள்: அமாக்சிசிலின், பென்சிலின் வகை மருந்துகளை முயலுக்கு வாய்வழி கொடுக்கக் கூடாது, நாய்க்கு உண்ணிக்கு விடும் ஃபிப்ரோனில் அதன் மேல் படவே கூடாது. காதுக்குள் பொருக்கு தெரிந்தால் சிரங்குப் பூச்சி, நகத்தால் பெயர்க்காதீர்கள். பெண் முயல் சினையாக வந்திருக்கலாம். சினைக்காலம் 31 நாள்தான், ரோமத்தைப் பிடுங்கிக் கூடு கட்டினால் குட்டி போடப்போகிறது.

வத்தலக்குண்டு, மதுரைப் பக்கம் தத்துக் கொடுப்பதானால் வெயில் காலத்தைத் தவிர்க்கலாம். 30 டிகிரியைத் தாண்டினாலே முயல் திணறும். விடியற்காலையில் மலை இறக்குங்கள், உறைந்த தண்ணீர் பாட்டில் ஒன்றைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வையுங்கள். கூடவே அது தின்று பழகிய புல் ஒரு பையும், அதன் கோரைப்பாயும் போகட்டும். பாயைக் கழுவிவிட வேண்டாம்.