ஒரே குக்கர், மூன்று ருசி

மாலை ஆறு மணிக்கு மேல் எங்கள் வீட்டில் சமையலுக்கென்று தனி நேரம் கிடையாது. சின்னவள் இடுப்பில் இருப்பாள், பெரியவன் காலைக் கட்டிக்கொண்டு நிற்பான். அதனால் வாரத்தில் பாதி நாள் இரவு உணவு, குழைய வேகவைத்த பாசிப்பருப்புச் சாதம்தான்.

1 டம்ளர் பச்சரிசி, அரை டம்ளர் பாசிப்பருப்பு, நறுக்கிய கேரட், ஒரு சிட்டிகை மஞ்சள்தூள், 6 டம்ளர் தண்ணீர். குக்கரில் ஐந்து விசில். உப்பு போடுவதற்கு முன்பே 7 மாதக்காரிக்கு இரண்டு கரண்டி எடுத்து நன்றாக மசித்துவிடுவேன். ஒரு வயது வரை உப்பும் சர்க்கரையும் வேண்டாம் என்பதில் நான் கறார். "உப்பில்லாமல் எப்படியம்மா இறங்கும்?" என்று அத்தைக்குத்தான் வருத்தம். இறங்குகிறது! கன்னமெல்லாம் பூசிக்கொண்டு அடுத்த வாய்க்கு ஆவென்று திறக்கிறாள்.

மீதியில் உப்பும் நெய்யும் சேர்த்தால் பெரியவனுக்கு ஆயிற்று. எங்களுக்கு மட்டும் மிளகு, சீரகம், இஞ்சி, கறிவேப்பிலை தாளித்துக் கொட்டி, தொட்டுக்கொள்ளச் சுட்ட அப்பளம்.

பெரியவன் இப்போது தானே அள்ளிச் சாப்பிடுகிறான். கேரட்டை மட்டும் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் அடுக்கி, "இது பாப்பாவுக்கு" என்கிறான். அந்த ஆசையைத் தடுக்க மனம் வரவில்லை. தங்கையின் கிண்ணத்திலிருந்தே ஒரு வாய் ஊட்டச் சொல்கிறேன்.

இப்படி ஒரே பாத்திரத்தில் முடிகிற சமையல் வேறு தெரிந்தவர்கள் எழுதுங்களேன். கேழ்வரகில் இருந்தால் இன்னும் மகிழ்ச்சி.