நீலத் தார்ப்பாய்

டிசம்பர் 28, சனி

பருத்திக் காகிதம் வந்து சேர்ந்தது. சுண்ணாம்பு கலக்காத காகிதமாக வேண்டும் என்று கடைக்காரரிடம் படித்துப் படித்துச் சொல்லி வாங்கினேன். சயனோடைப் என்பது வெயிலில் நீலமாகப் படம் அச்சிடும் முறை. சுண்ணாம்பு போன்ற காரப்பொருள் பட்டால் அந்த நீலம் நிற்காது.

இரவு குளியலறையில் மஞ்சள் பல்பு மட்டும் எரிய, ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட் கரைசலையும் பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடு கரைசலையும் சம அளவு கலந்து காகிதத்தில் பூசினேன். தகரப் பட்டை போட்ட பிரஷ் கூடாது. துரு பட்ட இடமெல்லாம் நீலப் புள்ளி விழும். ஜான் ஹெர்ஷல் 1842இல் கண்டுபிடித்த முறை இது. வெள்ளி வேண்டாம், இரும்பு போதும் என்பதால் என் சம்பளத்துக்கும் கட்டுப்படியாகிறது.

டிசம்பர் 30, திங்கள்

எதை அச்சிடுவது என்று முடிவு செய்யவேண்டும்.

தேன்கனிக்கோட்டைப் பக்கம் பெரியப்பா வீட்டில் கேழ்வரகு அறுவடையின்போது எடுத்த படங்கள். சாணம் மெழுகிய களம் இப்போது அங்கே இல்லை. அந்த இடத்தில் மோட்டார் சைக்கிள் நிற்கிறது. கதிரைத் தார்ச்சாலையில் பரப்பிவிடுகிறார்கள். போகிற பஸ்ஸும் லாரியும் ஏறி ஏறி மணியை உதிர்க்கின்றன. முன்பு இரண்டு மாடும் ஓர் உருளைக்கல்லும் நாள் முழுக்கச் சுற்றிச் செய்த வேலை.

பக்கத்து ஊரில் அந்தக் கல் இன்னும் இருக்கிறது. வார இறுதியில் கார்களில் வரும் புகைப்படக்காரர்களுக்காக மாட்டைப் பூட்டி ஓட்டிக் காட்டுகிறார்களாம், காசுக்கு. ஓட்டுபவர் சட்டையைக் கழற்றித் தலைப்பாகை கட்டிக்கொள்ளவேண்டும். சம்பாதிக்கட்டும், அவர்கள்மேல் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் அந்தப் படத்தின் கீழே ‘மறைந்துவரும் கிராம வாழ்க்கை’ என்று எழுதுகிறவர்கள்மேல் இருக்கிறது. நானும் ஒருமுறை பெரியப்பாவிடம் கல்லைப் பற்றிப் பேச்செடுத்தேன். “மாட்டுக்குத் தீனி நீ வாங்கிப் போடுகிறாயா, அம்மா?” என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார்.

கடைசியில் பெரியம்மா தூற்றும் படத்தை எடுத்துக்கொண்டேன். முறம் தோளுக்கு மேலே நிற்கிறது. மணி நேராக விழ, உமி இடப்பக்கம் கலைந்து பறக்கிறது. வலது மணிக்கட்டு கொஞ்சம் திரும்பியிருக்கிறது. காற்று குறைந்தால் முறத்தை அசைக்க அந்தத் திருப்பம். காலடியில் நீலத் தார்ப்பாய், ஓரத்தில் ஒரு கிழிசல். பின்னால் செல்போன் கோபுரம். கோபுரத்தை அழித்துவிடலாம்தான், கணினியில் இரண்டு நிமிட வேலை. அழிக்கவில்லை.

ஜனவரி 1, புதன்

விடுமுறை கேட்டு வாங்கினேன், வெயிலுக்காக. இந்த வேதிப்பொருளுக்குப் புற ஊதாக் கதிர் வேண்டும். படத்தைப் பெரிதாக்கி அச்சிடும் சாதாரண என்லார்ஜர் கருவியின் வெளிச்சம் இதற்குப் போதாது. அதனால் படம் எந்த அளவோ அந்த அளவுக்கே டிரான்ஸ்பரன்ஸி தாளில் நெகட்டிவ் எடுத்து, பூசிய காகிதத்தின் மேல் வைத்து, கண்ணாடிச் சட்டத்தில் இறுக்கி மாடியில் கிடத்தவேண்டும்.

பெங்களூர் அல்சூரில் எங்கள் மாடி எனக்கு மட்டும் சொந்தமில்லை. மேல்வீட்டு மாமி வடாம் பிழிந்திருந்தார். “உன் வடாம் எப்போது காயும்?” என்று என் சட்டத்தைப் பார்த்துக் கேட்டார். கறுக்கவேண்டிய இடங்கள் கறுத்துப் பிறகு சாம்பலாக வெளுக்கும்வரை பொறுத்தேன்.

அலசும்போதுதான் வயிறு எரிந்தது. காவிரித் தண்ணீர் வராத நாள். நூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து ஏற்றி வரும் அந்தத் தண்ணீர் இல்லாவிட்டால் எங்களுக்கு டேங்கரில் வரும் போர்வெல் தண்ணீர்தான். அதன் காரத்தில் நீலம் கண் முன்னே வெளிறத் தொடங்கியது. அடுத்த பிரதிக்கு வாளியில் வினிகர் விட்டு அலசினேன், நீலம் நின்றது. காயக் காய இன்னும் அழுத்தமாகும்.

எல்லாமே நீலம். பெரியம்மா, முறம், கேழ்வரகு, கோபுரம். அசல் நிறத்தில் வந்திருப்பது தார்ப்பாய் ஒன்றுதான். தனியே மாடியில் நின்று சிரித்தேன்.

ஜனவரி 5, ஞாயிறு

சித்ர சந்தை, ஆண்டுதோறும் தெருவில் நடக்கும் ஓவியச் சந்தை. குமாரகிருபா சாலையில் தோழியின் கடையில் பாதி மேசை எனக்கு. காலையிலிருந்தே தோளோடு தோள் இடிக்கும் கூட்டம்.

தமிழ் பேசும் ஒரு தம்பதி வெகு நேரம் பார்த்தார்கள். “இதையே பழுப்பு நிறத்தில் தருவீர்களா? அப்போதுதான் பழைய காலம் மாதிரி இருக்கும்” என்றார் கணவர். போன நவம்பரில் எடுத்தது என்றேன். அது தெரியவேண்டாமே என்றார். வாங்கவில்லை. மாட்டு வண்டிச் சக்கரப் படம் இரண்டு பிரதி விற்றது. எனக்கே பிடிக்காத படம்.

ஜனவரி 8, புதன்

பழுப்பு முடியாததல்ல. நாட்டு மருந்துக் கடையில் கடுக்காய் வாங்கி இடித்துக் கொதிக்கவைத்தேன். சலவைச் சோடாக் கரைசலில் படத்தைப் போட்டால் நீலம் போய் மங்கிய மஞ்சள் மிஞ்சும். பிறகு கடுக்காய்ச் சாற்றில் ஊறவைத்தால் அதன் துவர்ப்பு இரும்போடு சேர்ந்து கரும்பழுப்பாகத் திரும்பி வரும். கலம்காரித் துணியில் கறுப்பு பிடிப்பதும் இந்தச் சேர்க்கையில்தான். அழகாக வந்தது. வந்ததுதான் சங்கடம்: பெரியம்மா திடீரென்று நூறு வருடம் பின்னே போய்விட்டாள். தார்ப்பாய் ஏதோ பாய் ஆகிவிட்டது.

லின்னேயஸ் ட்ரைப் நினைவுக்கு வந்தார். 1850களில் மதராஸ் அரசின் புகைப்படக்காரராக இதே பெங்களூரில் இருந்தவர். பழஞ்சின்னங்களை மறைவதற்கு முன் படமெடுத்து வைப்பது அவர் வேலை. மெழுகுக் காகித நெகட்டிவில் வானம் வெறுமையாக வரும் என்று மேகத்தைக் கையால் தீட்டிச் சேர்த்தவர். அதே மனிதர் 1858இல் தஞ்சைப் பெரிய கோயில் அடித்தளக் கல்வெட்டை 21 படங்களாக எடுத்து, ஒட்டி, 19 அடி நீளச் சுருளாக்கினார். மேகத்தில் கைவைக்கலாம், எழுத்தில் கூடாது என்ற கணக்கு அவருக்கு இருந்திருக்கிறது. எனக்குத் தார்ப்பாய்தான் எழுத்து. பழுப்பு ஒரு பிரதியோடு நிற்கட்டும்.

ஜனவரி 15, புதன், மாட்டுப் பொங்கல்

மாடு இல்லாத வீட்டில் மாட்டுப் பொங்கல். பக்கத்து வீட்டுப் பசுவுக்குப் பெரியம்மா பொங்கல் ஊட்டிவிட்டு வந்தாள்.

நீலப் படத்தைக் கொடுத்தேன். தன்னைப் பார்க்கவில்லை. “இந்தக் கிழிசலைத் தைக்கவேண்டும் என்று எத்தனை நாளாகச் சொல்கிறேன், பார்” என்று பெரியப்பாவிடம் நீட்டினாள்.

அவர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்தார். “தூற்றுவதில் என்ன இருக்கிறது? பஸ் ஏறும்போது எடுத்திருக்கவேண்டும். அதுவும் அடுத்த வருடம் இருக்காது, சாலையில் கொட்டக்கூடாது என்று போலீஸ் சத்தம் போடுகிறது” என்றார். கதிரடிக்கும் இயந்திரம் வாடகைக்கு வருகிறதாம். மீதிக் கதிர்ப்போரை அதில்தான் அடிக்கப்போகிறார். சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு வந்துவிடு என்றார்.

சனிக்கிழமை அலுவலகத்தில் தணிக்கை. நாளைக்கே லீவு கேட்கவேண்டும்.