சனிக்கிழமை மத்தியான வாத்தியார்

நம் கல்லூரியில் எங்களுக்குத் தமிழ் படிப்பித்த வாத்தியார் கம்பராமாயணப் பாட்டை முதலில் இராகத்தோடு பாடுவார்; பொருள் பிறகுதான். இராவணனை விட்டு வரமாட்டேன் என்று கும்பகருணன் விபீடணனிடம் சொல்லும் இடத்தில் வகுப்பே அசையாமல் இருக்கும். பாட்டும் கதையும் ஒன்றாக நெஞ்சில் இறங்கும்படி படிப்பிக்கத் தெரிந்த இன்னொருவரைக் கனடா வந்தபின் வானொலியில் கேட்டேன். பாதர் ஓவன் லீ. இந்த ரொறன்ரோவிலேயே படிப்பித்தவர் என்றாலும் நம்மவர்களில் அவரை அறிந்தவர்கள் மிகக் குறைவு.

1930 இல் டெற்றோயிற்றில் பிறந்தவர். கத்தோலிக்கத் திருச்சபையின் பசிலியன் சபைக் குரு. ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் சென் மைக்கல் கல்லூரியில் கிரேக்க, லத்தீன் இலக்கியப் பேராசிரியர். இசைத்துறைக்காரர் அல்லர். ஒபேரா என்பது பாட்டாலேயே நடத்தும் மேலைநாட்டு இசைநாடகம். நியூயோர்க் மெற்றோபொலிற்றன் ஒபேரா நிறுவனம் 1931 முதல் தன் நிகழ்ச்சிகளை வானொலியில் நேரடியாகத் தந்து வந்தது. சனிக்கிழமை மத்தியானம் கனடாவின் பொது வானொலியான சிபிசி அதை அஞ்சல் செய்யும். அங்கத்துக்கும் அங்கத்துக்கும் நடுவே வரும் நீண்ட இடைவேளையில் கதையையும் இசையையும் விளக்கும் பேச்சுகளை 1983 தொடங்கி இருபது வருசத்துக்கு மேல் அவர் தந்தார்.

எனக்கு ஜெர்மன் மொழியில் ஒரு சொல்லும் தெரியாது. வாரச் சாமான் வாங்கப் போகும்போது காரில் தற்செயலாகக் கேட்கத் தொடங்கியதுதான். ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரின் 'றிங்' நான்கு இரவுக்கு நீளும் ஒபேரா. மொத்தம் ஏறக்குறைய 15 மணித்தியாலம். அதன் இரண்டாம் பகுதியில் வோட்டான் என்ற தேவர் தலைவன், தன் சொல்லை மீறிய செல்ல மகள் புறூன்ஹில்டவைத் தண்டிக்க வேண்டிய நிலைக்கு வருகிறான். தான் செய்த உடன்படிக்கைகளைத் தன் ஈட்டியிலேயே பொறித்து வைத்திருப்பவன் அவன். மீறினால் அவன் அதிகாரமே இல்லை. ஆனால் அந்த மகளோ அவனுடைய உள்விருப்பத்தையே செய்தவள். லீ இந்தக் கதையைத் தேவர்களின் சண்டையாகச் சொல்லாமல், ஒரே மனதுக்குள் நடக்கும் போராட்டமாக விரிப்பார். மகளைப் பாறையில் உறங்க வைத்து, சுற்றிவர நெருப்பு மூட்டிவிட்டுத் தகப்பன் விடைபெறும்போது எனக்கு மயான காண்டம்தான் நினைவுக்கு வந்தது. கோயில் வீதியில் விடிய விடிய ஈழத்து நாடகக் கலைஞர் நடிகமணி வைரமுத்துவின் அரிச்சந்திரனைப் பார்த்து அழுதவர்கள் நாங்கள். சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டு, பெற்ற பிள்ளையின் பிணத்துக்கே சுடலைக் கூலி கேட்ட தகப்பனை அறிந்தவனுக்கு வோட்டான் எப்படி அந்நியனாவான்?

தகப்பனும் பிள்ளையும் என்பது லீயின் புலமை வேலைக்கும் உயிரான விசயம். லத்தீன் கவிஞர் வேர்ஜிலின் ஈனிட் காவியத்தில் தந்தையர், மைந்தர் பற்றி அவர் எழுதிய நூல் 1979 இல் வந்தது. கிழட்டுத் தகப்பனைத் தோளில் சுமந்துகொண்டு எரியும் ஊரை விட்டு ஓடும் ஈனியாசின் கதை அது. ஊர் விட்டு வந்த நமக்கு அதை விளக்கத் தேவையில்லை.

அவரிடம் நான் பெரிதும் மதிப்பது வேறொன்று. வாக்னர் யூதர்களை வெறுத்து எழுதியவர். லீ அதை மறைக்கவில்லை, பூசி மெழுகவுமில்லை. 1998 இல் ஆற்றிய விரிவுரைகளில் அதை நேராக எடுத்துக்கொண்டார். கிரேக்க நாடகத்து பிலொக்ரீற்றசை உதாரணம் காட்டினார்: பாம்பு கடித்த காலில் ஆறாத புண், நாற்றம் தாங்காமல் கூட்டாளிகள் அவனைத் தீவில் விட்டுப் போகிறார்கள், பத்தாண்டுக்குப் பின், அவன் வில் இல்லாமல் எதிரியின் திரோய் நகரம் விழாது என்று தெரிந்ததும் அவனைத் தேடி வருகிறார்கள். புண்ணும் வில்லும் ஒரே மனிதனிடம். ஒரு குருவானவர் இப்படித் துணிந்து பேசியது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. எழுத்தைக் கொண்டாடிவிட்டு எழுதியவனின் குறையைக் கேள்விப்பட்டு மனமொடிந்த அனுபவம் நம் பலருக்கும் உண்டுதானே.

2019 இல் பாதர் லீ காலமானார். 'றிங்' பற்றி அவர் எழுதிய சின்னப் புத்தகம் 1990 இல் வந்தது, அதிலிருந்து தொடங்குங்கோ. அரிச்சந்திரன் பார்த்த நம் வகுப்புக்காரர் யாராவது வோட்டான் மகளிடம் விடைபெறும் அந்தக் கடைசிக் கால் மணித்தியாலத்தைக் கேட்டால், எனக்கு ஒரு கோல் எடுங்கோ. கதைக்க நிறைய இருக்கிறது.