தேவனாம்பட்டினத்தில் ஒரு மாலை

1994 பிப்ரவரி. கிருஷ்ணகிரி அப்போது தருமபுரி மாவட்டத்தில்தான் இருந்தது. பதினொன்றாம் வகுப்புச் சுற்றுலாவுக்கு 42 பேர் கிளம்பினோம். ஊத்தங்கரை, திருவண்ணாமலை வழியாகப் போய் சிதம்பரமும் பிச்சாவரமும் பார்த்துவிட்டு, கடைசி நாள் மாலை கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரையில் இறங்கினோம். பாதிப் பேருக்குக் கடலைப் பார்ப்பது அதுதான் முதல் முறை.

அவன் காவேரிப்பட்டணத்துப் பையன், மாந்தோப்பு வீட்டுப் பிள்ளை. எங்களுக்கெல்லாம் நீச்சல் குரு அவன்தான். தோட்டத்துக் கிணற்றில் மேல்படியிலிருந்து தலைகீழாகக் குதிப்பான். முதுகில் சுரைக்குடுவையைக் கட்டி என்னையும் தண்ணீரில் தள்ளிவிட்டவன். கிணற்றுத் தண்ணீர் நின்ற இடத்தில் நிற்கும், கடல் அப்படி இல்லை என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

அலை அடிக்காமல் ஒரு இடம் மட்டும் கறுத்து, சமமாகக் கிடந்தது. "அங்க அலையே இல்லடா" என்று அவன்தான் காட்டினான். கரையில் வந்து மோதும் தண்ணீர் திரும்பக் கடலுக்குள் ஓடும் வழி அதுதான் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். இறங்கிக் கொஞ்ச நேரத்தில் அவன் தலை சிறியதாகிக்கொண்டே போனது. கரையைப் பார்த்துத்தான் நீந்தினான், போனதோ உள்ளே. ஒரு கை தெரிந்தது. அப்புறம் அதுவும் தெரியவில்லை.

எங்கள் அலறல் கேட்டு வலை பின்னிக்கொண்டிருந்த மூன்று பேர் எழுந்து வந்தார்கள். ஒருவர் வயதானவர், தலையில் சிவப்புத் துண்டு. "சாரு, பசங்களக் கரையிலயே ஒக்கார வையுங்க, ஒருத்தனையும் எறங்க வுடாதீங்க" என்று சொல்லிக்கொண்டே கட்டுமரத்தைத் தள்ளினார். இரண்டு அலை அதைத் திருப்பிக் கரையில் போட்டது. மூன்றாவதில் தாண்டிவிட்டார்கள்.

அதன்பின் ஒன்றரை மணி நேரம் நாங்கள் மணலில் உட்கார்ந்திருந்தோம். சார் எங்களைத் திரும்பத் திரும்ப எண்ணினார். ஒவ்வொரு தடவையும் 41. ஊருக்குப் போன் பண்ணலாமா என்று யாரோ கேட்டதற்கு அவர் பதில் சொல்லவில்லை, சட்டைப் பையிலிருந்த சில்லறையை மட்டும் எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார். அவனுடைய சட்டை என் மடியில் இருந்தது. பையில் பிச்சாவரம் படகு டிக்கெட், நான்காக மடித்து வைத்திருந்தான். வீட்டில் காட்ட எடுத்து வைத்திருப்பான். அவன் அம்மா தெலுங்கில்தான் பேசுவார். அவரிடம் எந்தப் பாஷையில் என்ன சொல்வது என்றே என் மனம் சுற்றிச் சுற்றி வந்தது. முதுகுக்குப் பின்னால் சூரியன் இறங்க, முன்னால் கடல் கறுத்துக்கொண்டே வந்தது. ஒருவன் முருகா முருகா என்று முனகினான். மற்றபடி யாரும் பேசவில்லை.

வடக்கே தாழங்குடா பக்கமாக, நம் தென்பெண்ணை கடலில் சேரும் திசையிலிருந்து, கட்டுமரம் திரும்பி வந்தது. துடுப்புப் போடும் இரண்டு பேர், நடுவில் குனிந்து பெரியவர். அவர் மடியில் ஒரு தலை. உயிர் இருக்கிறதா என்று கேட்கக்கூட எங்களுக்கு வாய் வரவில்லை. "இருக்கான், இருக்கான்" என்று அவரே அலைக்கு மேல் கத்தினார்.

நீந்தி நீந்திக் கை ஓய்ந்ததும் அவன் மல்லாந்து படுத்துவிட்டானாம். கிணற்றில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த அதே மிதப்பு. "கெணத்துத் தண்ணிய விட உப்புத் தண்ணி நல்லாத் தூக்குச்சுடா" என்றான், பல் கிடுகிடுக்க. பெரியவர் தன் சிவப்புத் துண்டால் அவன் தலையைத் துவட்டினார். "கடலு இழுத்தா எதுத்துக்கிட்டு வரக் கூடாது தம்பி, பக்கவாட்டுல ஒதுங்கணும்" என்றார். சார் நீட்டிய பணத்தை வாங்கவில்லை. "புள்ளைக்கு டீ வாங்கிக் குடுங்க" என்று சொல்லிவிட்டு வலையிடம் போய்விட்டார். நாங்களும் பஸ் ஏறிவிட்டோம்.

2004 டிசம்பர் 26. மஸ்கட்டில் என் அறையில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. சுனாமி புகுந்த ஊர்களின் வரிசையில் தேவனாம்பட்டினத்தின் பெயரும் வந்தது. அன்று இரவு ஊரிலிருந்து அவன் போன் செய்தான். வெகுநேரம் இருவரும் பேசவில்லை.

"அந்தப் பெரியவரு பேரு என்னடா?" என்றான்.

எனக்கும் தெரியவில்லை. 42 பேரில் ஒருவரும் கேட்டு வைத்திருக்கவில்லை.