எந்தத் தறி?

அப்பா சோமனூரில் தறி ஓட்டியவர். பத்துத் தறி ஒன்றாக இரைந்தாலும் எதில் கோளாறு என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். அவரே ஒருமுறை அவசரத்தில் நல்ல தறியை நிறுத்திவிட்டு, கெட்டதை ஓடவிட்டிருக்கிறார். அம்மா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

ஆனி மாதக் காலை. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பிய்த்துக்கொண்டு வர, அதற்கு எதிர்முகமாகக் கோவையிலிருந்து டெல்லிக்கு விமானத்தைக் கிளப்பினோம். சக்கரங்கள் உள்ளே போனதுதான் தாமதம், டப்... டப், டப். யாரோ காலுக்கடியில் சம்மட்டியால் அடிப்பதுபோல் இருந்தது. மூக்கு வலப்பக்கம் இழுத்தது.

மூக்கைத் திருப்பும் வால் துடுப்பான ரடரை இடது கால் மிதியால் மிதித்து நேராக்கினேன். சரி, அடுத்து? ஒன்றுமில்லை. தரையிலிருந்து 400 அடி ஏறும்வரை இன்ஜின் பக்கம் கையே போகக்கூடாது. ஒற்றை இன்ஜினிலும் ஏறும்படிதான் விமானத்தைச் செய்திருக்கிறார்கள். சிமுலேட்டரில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை இதைத்தான் பழகுகிறோம். ஆனாலும் அந்தச் சில நொடிகள் சும்மா இருப்பது இருக்கிறதே, கை அரித்தது.

400 தாண்டியதும் துணை விமானி திரையைப் படித்தார்: இரண்டாம் இன்ஜினில், அதாவது வலப்பக்கத்ததில், வெப்பம் எல்லை மீறியிருந்தது. என் வலது கால் சும்மா கிடந்தது. சும்மா கிடக்கும் கால் பக்கம்தான் இன்ஜின் படுத்திருக்கும் என்பது எங்கள் பழைய கணக்கு. அவர் வலப்பக்க இன்ஜினின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் லீவர்மேல் கை வைத்து, "இரண்டு?" என்றார். நான் குனிந்து அவர் விரல்களைப் பார்த்தேன். "இரண்டுதான்." இழுத்தார். சத்தம் நின்றது. வெப்பம் இறங்கவில்லை, அதனால் இன்ஜினை அணைக்கும் மாஸ்டர் சுவிட்சுக்கும் அதே கேள்வி, அதே பதில், அப்புறம்தான் அணைத்தோம்.

இவ்வளவு இழுவை எதற்கு என்று கேட்கலாம். 1989-இல் இங்கிலாந்தில் கெக்வொர்த் அருகே விழுந்த விமானத்திலும், 2015-இல் தைபேயில் ஆற்றில் விழுந்த விமானத்திலும் நன்றாக ஓடிய இன்ஜினைத்தான் நிறுத்தினார்கள். முதலாவதில் 47 பேர், அடுத்ததில் 43 பேர் இறந்தார்கள்.

மற்றதெல்லாம் வழக்கமான வேலை. எங்கள் ரகத்தில் எரிபொருளை வானில் கொட்ட முடியாது. இறங்க வேண்டிய எடையைவிடக் கனமாகத்தான் இறங்க வேண்டும். பூப்போல வைத்துவிட்டால் போதும், மிச்சத்தை இன்ஜினியர்கள் பார்த்துக்கொள்வார்கள். இடப்பக்கம் சுற்றி, கருமத்தம்பட்டிப் பக்கமாக ஓடுதளத்துக்கு நேரே வந்தோம். கீழே தறிக்குடோன் கூரைகள். எங்கள் வீட்டைத் தேட நேரமில்லை.

இறங்கியபின் பிரேக் கொதித்தது. தீயணைப்பு வண்டிகள் கூடவே வந்தன. பயணிகள் வெளியேறும்போது வாசலில் நின்றேன். வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏனுங் தம்பி, மோட்டாரு ஒண்ணு போயிருச்சாட்ட இருக்குதுங்?"

"ஆமாங்கய்யா."

"செரி, உடுங்க. டில்லிக்கு வேற வண்டி வருமுங்களா, இல்ல இதையே ரிப்பேர் பண்ணிட்டுக் கெளம்பறீங்களா?"