பழைய மடக்குத்திரை மடிக்கணினியில் டெபியன்: திரையோடு தொடுதலையும் திருப்பிய அனுபவம்

என்னிடம் உள்ள மடிக்கணினி, திரையை முழுவதுமாகப் பின்னுக்கு மடக்கி டேப்லெட்டாகவும் பயன்படுத்தக்கூடிய வகையைச் சேர்ந்தது. அதன் தொடுதிரையும் பேனாவும் இன்றும் பழுதின்றி வேலை செய்கின்றன. ஆனால் 4 ஜிபி ராம் தாய்ப்பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருப்பதால் அதைக் கூட்ட வழியில்லை. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவடைந்தது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு இந்தக் கருவியில் இல்லை, இதன் செயலியும் ஏற்கப்பட்டவற்றின் பட்டியலில் இல்லை. நல்ல நிலையில் இருக்கும் ஒரு கருவியை இதற்காக ஒதுக்கிவைக்க மனம் வராததால், அதில் டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவுவது என்று முடிவு செய்தேன்.

சாதாரண மடிக்கணினி என்றால் எடை குறைந்த எந்த லினக்ஸையும் நிறுவிவிட்டு வேலையைத் தொடங்கிவிடலாம். மடக்குத்திரைக் கருவியில் அப்படி முடியாது. திரையைத் திருப்பினால் படமும் தானாகத் திரும்ப வேண்டும், விரல் வைத்த இடத்திலேயே தொடுதல் பதிய வேண்டும் என்ற இரண்டையும் க்னோம் என்ற பணிச்சூழல் (சாளரங்களும் பட்டியல்களும் அடங்கிய திரை இடைமுகம்) வேலண்ட் என்ற புதிய திரைக்காட்சி அமைப்பின் மேல் தானாகவே கவனித்துக்கொள்கிறது. ஆனால் அதையும் ஓர் இணைய உலாவியையும் சேர்த்துத் திறந்தால் 4 ஜிபி நினைவகம் விரைவில் நிரம்பிவிடுகிறது. எக்ஸ்எஃப்சிஇ என்ற எளிய பணிச்சூழல் அதைவிட மிகக் குறைவாகவே நினைவகத்தை எடுத்துக்கொள்கிறது, ஆனால் எக்ஸ்11 என்ற பழைய திரைக்காட்சி அமைப்பின் மேல் அது திரையைத் தானாகத் திருப்புவதில்லை. க்னோம் செய்யும் அந்த ஒரு வேலைக்காக நாள் முழுவதும் அதன் சுமையைத் தாங்குவதைவிட, எக்ஸ்எஃப்சிஇ-யை வைத்துக்கொண்டு அந்த வேலையை நாமே எழுதிச் சேர்ப்பதே சரி என்று எனக்குப் பட்டது. இன்றும் அதே கருத்தில்தான் இருக்கிறேன்.

விண்டோஸை நீக்குவதற்கு முன் இரண்டு வேலைகளை முடித்தேன். முதலாவது, கோப்புகள் அனைத்தையும் வெளி வட்டுக்கு நகலெடுத்தது. இரண்டாவது, கணினியைத் துவக்கும் அடிப்படை நிரலான பயாஸைப் புதுப்பித்தது. பல தயாரிப்பாளர்கள் அதற்கான நிரலை விண்டோஸில் மட்டுமே இயங்கும்படி தருவதால், விண்டோஸ் போன பிறகு அதைச் செய்வது கடினம். அடுத்து, டெபியனின் நேரடி இயக்கப் படிமத்தைப் பென்டிரைவில் எழுதி, எதையும் நிறுவாமல் அதிலிருந்தே கணினியை இயக்கி, வைஃபை, ஒலி, திரை வெளிச்சம், தூக்கநிலை, தொடுதல், பேனா என ஒவ்வொன்றாகச் சோதித்தேன். 2023 ஜூனில் வெளியான டெபியன் 12 முதல், கட்டற்றதல்லாத (தயாரிப்பாளரின் உரிமக் கட்டுப்பாடுள்ள) வன்பொருள் நிரல்களும் அதிகாரப்பூர்வப் படிமத்திலேயே இருப்பதால், வைஃபை தனி முயற்சி எதுவும் இல்லாமல் இணைந்தது. 2014-ஐ ஒட்டி வந்த சில ஆட்டம் செயலிக் கருவிகளில் செயலி 64 பிட்டாகவும் யூஇஎஃப்ஐ எனும் துவக்க நிரல் 32 பிட்டாகவும் இருக்கும். அத்தகைய கருவி வைத்திருப்பவர்கள் பென்டிரைவிலிருந்து கணினி துவங்குகிறதா என்பதை முதலில் பார்ப்பது நல்லது. நிறுவலில் சொல்வதற்கு அதிகம் இல்லை. கேட்ட கேள்விகளுக்கு விடையளித்தேன், முடிந்தது.

உண்மையான வேலை அதன் பிறகே தொடங்கியது. ஐஐஓ-சென்சார்-பிராக்ஸி என்ற தொகுப்பை நிறுவி, டெர்மினலில் மானிட்டர்-சென்சார் என்ற கட்டளையை இயக்கிவிட்டுக் கருவியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். கருவி எந்தப் பக்கம் நிமிர்ந்திருக்கிறது என்பது ஒவ்வொரு திருப்பலுக்கும் ஒரு வரியாகத் திரையில் விழுந்தது. அதாவது, முடுக்க உணரி சரியாகவே வேலை செய்கிறது; அது சொல்வதைக் கேட்டுத் திரையைத் திருப்ப ஆள் இல்லை என்பதுதான் குறை. எக்ஸ்ராண்டர் கட்டளையால் படத்தை வலப்புறம் திருப்பியபோது படம் திரும்பியது, ஆனால் விரல் ஓரிடத்தில் இருக்க, சொடுக்கு வேறோர் இடத்தில் விழுந்தது. எக்ஸ்11-ஐப் பொறுத்தவரை திரை வேறு, தொடு உணரி வேறு; ஒன்றைத் திருப்பினால் மற்றொன்று தானாகத் திரும்பாது. தொடுதலைத் திருப்ப, எக்ஸ்இன்புட் கட்டளையின் வழியே ஆயமாற்று அணி எனப்படும் ஒன்பது எண்களைத் தர வேண்டும். இயல்பு நிலைக்கு அவை 1 0 0 0 1 0 0 0 1. வலப்புறத் திருப்பத்துக்கு 0 1 0 -1 0 1 0 0 1, இடப்புறத்துக்கு 0 -1 1 1 0 0 0 0 1, தலைகீழுக்கு -1 0 1 0 -1 1 0 0 1. திரையின் முழு அகலத்தையும் முழு உயரத்தையும் 1 எனக் கொண்டு, மூன்று மூன்றாகப் பிரித்துப் படித்தால் இவற்றின் பொருள் விளங்கும். வலப்புறத் திருப்பத்தில் முதல் மூன்று எண்கள், பழைய நெடுக்குத் தூரத்தைப் புதிய குறுக்குத் தூரமாக எடுத்துக்கொள்ளச் சொல்கின்றன. அடுத்த மூன்றும், பழைய குறுக்குத் தூரத்தை ஒன்றிலிருந்து கழித்துப் புதிய நெடுக்குத் தூரமாக்கச் சொல்கின்றன. இதைத் தாளில் ஒரு செவ்வகம் வரைந்து மூலைகளைக் குறித்துப் பார்த்த பிறகு, எண்களை மனப்பாடம் செய்ய வேண்டிய தேவையே எனக்கு இருக்கவில்லை.

மானிட்டர்-சென்சார் தரும் வரிகளைப் படித்து, அதற்கேற்பப் படத்தையும் தொடுதலையும் சேர்த்தே திருப்பும் சிறு ஷெல் நிரல் ஒன்றை எழுதி, பயனர் நுழைந்தவுடன் இயங்கும் பட்டியலில் சேர்த்தேன். இங்கே இரண்டு நுணுக்கங்களைக் கவனிக்க வேண்டும். தொடு உணரியை அதன் எண்ணால் குறிப்பிடக் கூடாது, ஏனெனில் மறுதொடக்கத்தில் அந்த எண் மாறக்கூடும். பெயரால் குறிப்பிட்டால் நிலைத்திருக்கும். பேனா, விரலிலிருந்து வேறான தனி உள்ளீட்டுக் கருவியாகவே பட்டியலில் தெரிவதால், அதற்கும் அதே ஒன்பது எண்களைத் தனியாகத் தர வேண்டும். சில கருவிகளில் உணரி சொல்லும் திசையே தலைகீழாக இருக்கும்; அதைத் திருத்தும் இடம் இந்த நிரல் அன்று, லினக்ஸில் கருவிகளை நிர்வகிக்கும் யூடெவ்வின் வன்பொருள் தரவுத்தளம்.

மீதமிருந்தவை சிறிய வேலைகள். ஃபயர்ஃபாக்ஸில் விரலை இழுத்தால் பக்கம் நகராமல் எழுத்துகள் தேர்வாகின. மோஸ்_யூஸ்_எக்ஸ்இன்புட்2 என்ற சூழல் மாறிக்கு 1 என மதிப்பளித்ததும் பக்கம் விரலோடு நகரத் தொடங்கியது. டேப்லெட் நிலையில் எழுதுவதற்கு ஆன்போர்டு என்ற திரை விசைப்பலகையை நிறுவினேன். நினைவகம் நிரம்பும்போது தரவைச் சுருக்கி ராமிலேயே வைத்துக்கொள்ளும் இசட்ராமை இயக்கியது, 4 ஜிபி கருவிக்கு நான் செய்தவற்றில் மிகுந்த பயன் தந்த மாற்றம். பல தாவல்கள் திறந்திருக்கும்போது முன்பு ஏற்பட்ட நீண்ட திணறல் இப்போது இல்லை.

இப்போது நெடுவாக்கில் பிடித்து நூல் படிக்கவும், பேனாவால் குறிப்பெழுதவும் இந்தக் கருவியையே பயன்படுத்துகிறேன். கருவியைத் திருப்பிய பிறகு திரை திரும்புவதில் சிறு தாமதம் இருக்கிறது; உணரியின் வரி வந்த பின்னரே இரு கட்டளைகளும் ஒன்றன்பின் ஒன்றாக இயங்குவதால் அதை முழுவதுமாகத் தவிர்க்க முடியவில்லை. படுத்துக்கொண்டு படிக்கும்போது திரை தேவையின்றித் திரும்புவதைத் தடுக்க, அந்த நிரலை நிறுத்தவும் மீண்டும் இயக்கவும் பலகத்தில் ஒரு பொத்தானை வைத்திருக்கிறேன்.