எந்த இடத்திலும் நிற்கத் தெரிந்தவர்கள்

கோடை மாலைகளில் எனக்கு இன்னொரு வேலை உண்டு. பென்சில்வேனியாவில் நான் வசிக்கும் பகுதியில் ஒரு மைனர் லீக் (மேஜர் லீக்குக்குக் கீழ்நிலையில் உள்ள லீக்) பேஸ்பால் மைதானம் இருக்கிறது. அதன் பிரஸ் பாக்ஸில் லேப்டாப் முன்னால் உட்கார்ந்து ஒவ்வொரு பந்தையும் பதிவு செய்ய வேண்டும். பந்து எங்கே போனது, யார் எடுத்தார், யாருக்கு எறிந்தார், ஆள் அவுட்டா இல்லையா. செல்போனில் ஸ்கோர் பார்ப்பவர்களுக்கு அது உடனே போய்ச் சேர்ந்துவிடும். பகலில் நான் செய்யும் வேலைக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. சம்பளமும் பெட்ரோல் செலவு போகக் கொஞ்சம்தான் மிஞ்சும். ஆனால் ஒரு தொழிலை வருடக்கணக்காகப் பக்கத்திலிருந்து பார்க்கும் வாய்ப்பு இதனால் கிடைத்தது. இன்ஃபீல்டரின் தொழில். அதிலும் நட்சத்திரமாக ஆகாமல், ஊர் ஊராக, அணி அணியாக மாறி மாறிப் பத்துப் பதினைந்து வருடம் ஆடும் இன்ஃபீல்டரின் தொழில்.

பேஸ்பால் பார்த்துப் பழக்கமில்லாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பேட்டர் நிற்கும் இடத்திலிருந்து ஃபர்ஸ்ட் பேஸ் 90 அடி. பந்தை அடித்துவிட்டு அதை ஓடிக் கடக்க நாலேகால், நாலரை நொடி ஆகும். அதற்குள் தரையோடு வரும் பந்தை, பேஸ்களை ஒட்டி நிற்கும் ஃபீல்டரான இன்ஃபீல்டர் எடுத்து, க்ளவிலிருந்து கைக்கு மாற்றி, ஃபர்ஸ்ட் பேஸில் நிற்பவரிடம் சேர்த்தாக வேண்டும். கிரிக்கெட்டில் பாயிண்டிலும் கவரிலும் நிற்பவரின் வேலை மாதிரிதான் இது என்று தொடக்கத்தில் நினைத்தேன். ஆனால் அங்கே பந்தைத் தடுத்தாலே ஓட்டம் நின்றுவிடும். இங்கே தடுத்து வைத்துக்கொண்டால் ஒன்றும் ஆகாது, பேட்டர் பேஸில் ஏறி நின்றுவிடுவார்.

ஒவ்வொரு இடமும் ஒரு தனி வேலை. ஷார்ட்ஸ்டாப், அதாவது செகண்ட் பேஸுக்கும் தேர்ட் பேஸுக்கும் நடுவில் நிற்பவர், அதிக தூரம் ஓடி, நீளமாக எறிய வேண்டும். தேர்ட் பேஸில் பந்து வரும் வேகத்துக்கு யோசிக்கவே நேரம் கிடையாது. செகண்ட் பேஸில் எறியும் தூரம் குறைவு. ஆனால் டபுள் பிளே (ஒரே பந்தில் இரண்டு பேரை அவுட் ஆக்குவது) வந்தால், நம் காலை நோக்கிச் சறுக்கி வரும் ஆளைப் பார்க்காமலேயே பேஸை மிதித்து, உடம்பைத் திருப்பி எறிய வேண்டும். 2015 பிளேஆஃபில் (சீசன் முடிந்ததும் நடக்கும் சுற்று) டாட்ஜர்ஸ் அணியின் சேஸ் அட்லி அப்படிச் சறுக்கி மோதியதில் மெட்ஸ் அணியின் ரூபன் தெஹாடாவுக்குக் கால் எலும்பு முறிந்தது. அடுத்த வருடமே சறுக்குவதற்கான விதியை மாற்றினார்கள். நிரந்தர இடம் உள்ளவர் இந்த மூன்றில் ஒன்றைக் கற்றால் போதும். இடம் இல்லாதவர் மூன்றையும் கற்க வேண்டும். அவருடைய பையில் க்ளவும் ஒன்றுக்கு மேல் இருக்கும். செகண்ட் பேஸுக்குச் சின்னதாக, ஆழம் குறைவாக, கை விட்டதும் பந்து கிடைக்கிற மாதிரி ஒன்று. தேர்ட் பேஸுக்குக் கிட்டத்தட்ட 12 அங்குலத்தில் பெரியது. ஃபர்ஸ்ட் பேஸில் நிற்கச் சொன்னால் அதற்கு வேறு மாதிரியானது.

ஒரு ஆகஸ்ட் மாத ஆட்டம் நன்றாக ஞாபகம் இருக்கிறது. மதியம் மழை பெய்து ஓய்ந்திருந்தது. வெளியூர் அணியில் முப்பது தாண்டிய ஒருவர் செகண்ட் பேஸில் ஆடிக்கொண்டிருந்தார். கூட ஆடியவர்களில் பெரும்பாலானவர்கள் கல்லூரியை முடித்து வந்த பையன்கள். ஏழாவது இன்னிங்ஸில் அவர்களுடைய தேர்ட் பேஸ்மேனுக்குக் காலில் பிடிப்பு வந்ததும் இவரை அங்கே மாற்றினார்கள். டக்அவுட்டுக்குப் போய் க்ளவை மாற்றிக்கொண்டு வந்தார். வந்தவர் முதலில் ஷூவால் முன்னால் இருந்த மண்ணைத் தேய்த்துச் சமன் செய்தார். புல் விளிம்பில் குனிந்து ஈரம் எவ்வளவு என்று உள்ளங்கையால் பார்த்தார். அப்புறம் வார்ம்அப் பந்தை ஃபவுல் கோட்டின் (இதைத் தாண்டி வெளியே போகும் பந்து செல்லாது) மேல் மெதுவாக உருட்டிவிட்டார். அது உள்பக்கம் சாய்கிறதா, வெளிப்பக்கம் போகிறதா என்று நின்று கவனித்தார். உள்ளே சாய்ந்தது. க்ளவால் வாயை மறைத்து பிட்சரிடம் ஏதோ சொல்லிவிட்டு, வழக்கமான இடத்திலிருந்து இரண்டு அடி முன்னால் வந்து நின்றார்.

அடுத்த பேட்டர் பந்தை மெல்லத் தட்டிவிட்டார். பந்து கோட்டை ஒட்டியே உருண்டது. வெளியே போகட்டும் என்று எந்தப் பையனும் ஒரு நொடி காத்திருப்பான். இவர் காத்திருக்கவில்லை. ஓடி வந்து, வெறுங்கையால் எடுத்து, நிமிராமலே எறிந்தார். அரை அடி வித்தியாசத்தில் அவுட். நான் 5-3 என்று பதிவு செய்தேன். தேர்ட் பேஸ்மேனுக்கு எண் 5, ஃபர்ஸ்ட் பேஸ்மேனுக்கு 3. அந்த மென்பொருளில் கோட்டின் மேல் பந்தை உருட்டிப் பார்த்ததைப் பதிவு செய்ய ஒரு கட்டம் கிடையாது. மறுநாள் அவர் பெஞ்சில் இருந்தார். ஐந்தாவது இன்னிங்ஸ் முடிந்ததும் எழுந்து உள்ளே போய்க் காலை நீட்டி மடக்கிவிட்டு, நாலு பந்து எறிந்துவிட்டு வந்து உட்கார்ந்தார். கூப்பிடவில்லை. ஏழாவது இன்னிங்ஸில் திரும்பவும் போய் வந்தார். கூப்பிடாவிட்டாலும் தயாராக இருப்பதுதான் அவர் சம்பளம் வாங்கும் வேலை. அதை அவர் அன்றும் முழுசாகச் செய்தார் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

இந்தத் தொழிலில் எத்தனை வருடம் காத்திருக்க நேரலாம் என்பதற்கு ட்ரூ மாகி என்ற இன்ஃபீல்டர் உதாரணம். 2010 டிராஃப்டில் (புது ஆட்டக்காரர்களை அணிகள் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் முறை) பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் 15வது சுற்றில் அவரைத் தேர்ந்தெடுத்தது. அதன் பிறகு ஏஞ்சல்ஸ், டாட்ஜர்ஸ், ட்வின்ஸ் என்று பல அணிகளின் மைனர் லீக் கிளைகளில் ஆடினார். 2021 செப்டம்பரில் ட்வின்ஸ் அவரை மேலே கூப்பிட்டது. சீருடை போட்டு பெஞ்சில் உட்கார்ந்தார், ஒரு ஆட்டத்திலும் இறக்காமலே திருப்பி அனுப்பிவிட்டார்கள். 2023 ஏப்ரலில் அவர் மறுபடி பைரேட்ஸில், அல்டூனாவில் டபுள்-ஏ (மைனர் லீக்கில் மேலிருந்து இரண்டாம் படி) அணியில் இருந்தார். வயது 33. பைரேட்ஸின் மேஜர் லீக் அணியில் ஆடிய பிரையன் ரெனால்ட்ஸ் குடும்பத்தில் ஒரு துக்கத்துக்காக விடுப்பில் போனார். அந்த விடுப்பு அதிகபட்சம் 7 நாள். அந்தச் சின்ன இடைவெளியில் மாகியைக் கூப்பிட்டார்கள். ஏப்ரல் 26 அன்று பிட்ஸ்பர்க்கில், டாட்ஜர்ஸுக்கு எதிராக, எட்டாவது இன்னிங்ஸில் இறங்கினார். அதற்கு முன் மைனர் லீக்கில் 1,154 ஆட்டங்கள். மைதானமே எழுந்து நின்று பெயரைச் சொல்லிக் கூவியது. ஸ்ட்ரைக்அவுட் ஆனார், அதாவது மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட். மூன்று நாள் கழித்து வாஷிங்டனில் முதல் ஹிட், அதாவது பேஸில் ஏற்றிவிடும் அடி. அப்புறம் மறுபடி அல்டூனா.

செய்தி படித்தவர்கள் எல்லோரும் அந்தக் கைதட்டலைப் பற்றியே பேசினார்கள். நான் நினைத்தது அந்த 1,154 ஆட்டங்களை. காலியாகக் கிடக்கும் ஸ்டேண்டுக்கு முன்னால், பஸ்ஸில் வந்து இறங்கிய அலுப்போடு, ஒவ்வொரு பந்துக்கும் முழங்காலை மடக்கி, முன்பாதத்தில் எடை வைத்துத் தயாராக நின்றிருக்கிறார். அணியின் பிட்சர்கள் ஒரு ஆட்டத்தில் மொத்தம் 150 பந்து எறிந்தால் 150 தடவை அப்படி நிற்க வேண்டும். நாலோ ஐந்தோதான் அவரிடம் வரும். எது வரும் என்று முன்கூட்டித் தெரியாது.

சரி, பணம். இதைப் பேசாமல் இந்தத் தொழிலைப் பற்றிப் பேச முடியாது. 2018ல் அமெரிக்க நாடாளுமன்றம் மைனர் லீக் ஆட்டக்காரர்களைக் கூட்டாட்சிக் குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தின் முழுப் பாதுகாப்பிலிருந்து விலக்கி ஒரு சட்டம் போட்டது. அப்போது பயிற்சி முகாமுக்குச் சம்பளம் கிடையாது, குளிர்காலத்துக்கும் கிடையாது. ஆகவே சீசன் முடிந்ததும் டாக்சி ஓட்டுவது, பார்சல் எடுத்துப் போவது, பள்ளிப் பிள்ளைகளுக்கு பேட்டிங் சொல்லிக் கொடுப்பது என்று எல்லா வேலையும் பார்த்தார்கள். 2022ல்தான் அணிகள் தங்குமிடம் தரத் தொடங்கின. 2023ல் முதல்முறையாகத் தொழிற்சங்க ஒப்பந்தம் வந்தது. டபுள்-ஏ ஆட்டக்காரரின் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 13,800 டாலரிலிருந்து 30,250 ஆனது. அதே வருடம் மேஜர் லீக்கின் குறைந்தபட்சச் சம்பளம் 7,20,000 டாலர். மேலே ஒரு நாள் இருந்தால் மருத்துவக் காப்பீட்டுக்குத் தகுதி, 43 நாள் இருந்தால் ஓய்வூதியத்துக்குத் தகுதி. ஆகவே யாரோ ஒருவரின் கணுக்கால் சுளுக்கி, அவருடைய இடத்தில் இரண்டு வாரம் நிற்கக் கிடைப்பது ஒரு குடும்பத்தின் வருடக் கணக்கையே மாற்றும். அந்த இரண்டு வாரம் யாருக்குப் போகும்? ஒரு இடத்தில் மட்டும் நிற்கத் தெரிந்தவருக்கு அல்ல.

ஜேமி கேரல் அப்படித்தான் பிழைத்தார், நன்றாகவே பிழைத்தார். 1996ல் 14வது சுற்றில் மாண்ட்ரியால் எக்ஸ்போஸ் எடுத்த இன்ஃபீல்டர். மேஜர் லீக்குக்கு வந்தபோது 2002, வயது 28. அதற்குள் பலர் ஊருக்குத் திரும்பியிருப்பார்கள். இவர் 2013 வரை ஆடினார், ஏகப்பட்ட அணிகள் மாறினார். மொத்தம் 13 ஹோம் ரன்தான். ஆனால் ஹிட் சரியாக 1,000. 2007 அக்டோபர் 1 அன்று டென்வரில் ராக்கீஸும் பாட்ரெஸும் பிளேஆஃப் இடத்துக்காக மோதிய ஆட்டம் 13வது இன்னிங்ஸ் வரை போனது. இடையில் மாற்று ஆட்டக்காரராக உள்ளே வந்தவர் கேரல். ஸ்கோர் 8-8. எதிரே பாட்ரெஸின் பிட்சர் டிரெவர் ஹாஃப்மன். கேரல் ரைட் ஃபீல்டுக்கு ஒரு பந்தை அடித்தார், பிடித்துவிட்டார்கள். ஆனால் பிடித்த கணத்தில் தேர்ட் பேஸிலிருந்து மேட் ஹாலிடே ஓடிச் சறுக்கி ரன் எடுத்துவிட்டார். 9-8. ராக்கீஸ் அந்த வருடம் தன் முதல் வேர்ல்ட் சீரிஸுக்கு, அதாவது மேஜர் லீக்கின் இறுதித் தொடருக்கு, போனது. ஹாலிடே ஹோம் பேஸைத் தொட்டாரா இல்லையா என்று இன்றும் வாதாடுகிறார்கள். அந்த நேரத்துக்குத் தேவையான அடியைக் கேரல் அடித்தார் என்பது யாருக்கும் அவ்வளவாக ஞாபகம் இல்லை.

எனக்கு எல்லோரையும்விடப் பிடித்தவர் ரான் வாஷிங்டன். நியூ ஆர்லியன்ஸ்காரர். கன்சாஸ் சிட்டி ராயல்ஸ் நடத்திய பேஸ்பால் அகாடமியில் 1970ல் சேர்ந்தவர். 1977ல் டாட்ஜர்ஸுக்கு 10 ஆட்டம் ஆடினார். அதன் பிறகு மேஜர் லீக்கில் அவர் கால் வைத்தது 1981ல், ட்வின்ஸ் அணிக்கு. நடுவில் இருந்த வருடங்கள் எல்லாம் மைனர் லீக். பிறகு ஓரியோல்ஸ், இண்டியன்ஸ், ஆஸ்ட்ரோஸ் என்று 1989 வரை. அதன் பிறகு கோச் ஆனார்.

அவர் தரும் பயிற்சியைப் பார்க்க வேண்டும். ஆட்டக்காரரை மண்ணில் முழங்கால் போட்டு உட்கார வைப்பார். கையில் பெரிய க்ளவ் கிடையாது, தட்டையான சின்னப் பயிற்சி க்ளவ். சில அடி தூரத்திலிருந்து பந்தை அவர் தட்டிவிடுவார், எடுக்க வேண்டும். கால் இல்லை, ஓட்டம் இல்லை, க்ளவின் ஆழமும் இல்லை. ஆகவே கையை முன்னால் நீட்டிப் பந்து எழும் இடத்திலேயே சந்திக்கப் பழகியாக வேண்டும், வேறு வழி கிடையாது. அப்புறம் இடப் பக்கம், வலப் பக்கம், பின்கைப் பிடி. தினமும் இதேதான். ஓக்லண்டில் எரிக் சாவேஸ் இந்தப் பயிற்சியில் உருவானவர். 2001 முதல் 2006 வரை தொடர்ந்து கோல்ட் க்ளவ் (சிறந்த ஃபீல்டிங்குக்கான விருது) வாங்கினார், 2004ல் வாங்கியதை வாஷிங்டனுக்கே கொடுத்துவிட்டார். பிற்பாடு அட்லாண்டாவில் ஆசி ஆல்பீஸ், டான்ஸ்பி ஸ்வான்சன், ஆஸ்டின் ரைலி எல்லோரும் அதே மண்ணில் முழங்கால் போட்டவர்கள்தான். 2021ல் அந்த அணி வேர்ல்ட் சீரிஸ் வென்றது.

டெக்சஸ் ரேஞ்சர்ஸை மேனேஜராக இருந்து 2010, 2011 இரண்டு வருடமும் வேர்ல்ட் சீரிஸ் வரை கொண்டுபோனவரும் இவரே. 71 வயதில் ஏஞ்சல்ஸ் அணி அவரை மறுபடி மேனேஜர் ஆக்கியது.

"மேலே போக முடியாதவர்கள்தானே கோச் ஆகிறார்கள்" என்று பிரஸ் பாக்ஸில் ஒருவர் ஒரு தடவை சொன்னார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. பிறவியிலேயே கை வந்தவருக்குத் தான் எப்படிச் செய்கிறோம் என்று பிரித்துச் சொல்லத் தேவை வந்திருக்காது. மூன்று இடத்தையும் வேலைக்காக ஒவ்வொன்றாகக் கற்று, மறந்துவிடாமல் இருக்கத் தினமும் திரும்பச் செய்து பார்த்தவருக்குத்தான் எந்த விரல் எங்கே இருக்க வேண்டும் என்பது வார்த்தையாக வரும். எங்கள் மைதானத்துக்கு வரும் அணிகளில், நான் முன்பு 4 (செகண்ட் பேஸ்) என்றும் 6 (ஷார்ட்ஸ்டாப்) என்றும் எண் போட்டுப் பதிவு செய்த சிலர் இப்போது கோச்சாக வருகிறார்கள். மாலை நாலு மணிக்கே வந்து மண்ணில் அந்தச் சின்ன க்ளவ்களைப் பரப்பி வைப்பது அவர்கள்தான். 2023ல் வந்த புது விதிப்படி செகண்ட் பேஸின் இரு பக்கமும் இரண்டிரண்டு இன்ஃபீல்டர்கள் நிற்க வேண்டும், காலும் மண்ணின் வெளி விளிம்பைத் தாண்டிப் பின்னால் போகக் கூடாது. பேட்டருக்கு ஏற்ப ஆட்களை ஒரே பக்கம் குவித்துவைக்கும் வசதி போய்விட்டதால், ஓடிப் பிடிக்கும் காலுக்கும் கைக்கும் மதிப்புக் கூடியிருக்கிறது. இந்தக் கோச்சுகளுக்கு அதனால் வேலையும் கூடியிருக்கிறது.